கீவ் நகரம் வீழ்ந்த கதை, 1240: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மங்கோலியர் அழித்த நகரம் எது என்று கேட்டால் பலரும் பாக்தாத்தைத்தான் சொல்வார்கள். அதற்கு 18 ஆண்டுகள் முன்பே, தினீப்பர் ஆற்றங்கரையில் இருந்த கீவ் நகரம் அதே கதிக்கு ஆளானது. இன்று உக்ரைனின் தலைநகராக நாம் தினமும் செய்தியில் கேட்கும் அதே கீவ்தான். இதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எழும் கேள்விகளை இங்கே வரிசையாக எடுத்துக்கொள்கிறேன்.

அன்றைய கீவ் எவ்வளவு பெரிய நகரம்?

மக்கள்தொகை 35,000 முதல் 50,000 வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அந்தக் காலத்து ஐரோப்பாவில் அது பெரிய நகரம். ஆற்றின் மேற்குக் கரையில், குன்றுகளின் மேல் மேல்நகரம். அங்கே பெரிய தேவாலயங்கள், இளவரசரின் மாளிகை, செல்வந்தர் வீடுகள். கீழே ஆற்றோரத்தில் பொடில் என்ற பகுதி. அங்கே வியாபாரிகளும் கைவினைஞர்களும் இருந்தார்கள். கருங்கடல் வழியாகக் கான்ஸ்டான்டினோபிளுக்குச் செல்லும் வணிகப் பாதை இந்த ஊரைத் தொட்டுத்தான் போனது.

மேல்நகரத்துக்குள்ளேயும் இரண்டு வட்டாரங்கள் உண்டு. உள்ளே இருந்தது, 10ஆம் நூற்றாண்டு இளவரசர் வொலோடிமிரின் பெயரைக் கொண்ட பழைய வொலோடிமிர் நகரம், சிறியது. அதைச் சுற்றி 11ஆம் நூற்றாண்டில் அவருடைய மகன் யாரோஸ்லாவ் பெரிதாக்கிய பகுதி. யாரோஸ்லாவ் எழுப்பிய அரண் சுமார் 3.5 கிலோமீட்டர் நீளம், 10 மீட்டருக்கு மேல் உயரம். கல் மதில் இல்லை. மரக்கட்டைகளைப் பெட்டி பெட்டியாக அடுக்கி, உள்ளே மண்ணை நிரப்பிக் கட்டிய மண் அரண். அதன் உச்சியில் மரச் சுவர். இந்த அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், முற்றுகையைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

அப்படியென்றால் கீவ் அப்போது வலிமையின் உச்சத்தில் இருந்ததா?

இல்லை. ஊர் செழிப்பாக இருந்தது, அதிகாரம் சரிந்திருந்தது. கீவ் அரியணையில் உட்கார்ந்தால் ருஸ் நாடு (இன்றைய உக்ரைன், பெலாரஸ், மேற்கு ரஷ்யா பகுதிகளில் பல இளவரசர்கள் ஆண்ட நிலம்) முழுவதற்கும் மூத்த இளவரசர் என்ற பெயர் கிடைக்கும். அந்தப் பெயருக்காக இளவரசர்கள் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொண்டார்கள். 1169இல் ஆண்ட்ரேய் பொகோலியுப்ஸ்கி அனுப்பிய கூட்டுப்படை நகரத்தைச் சூறையாடியது. தேவாலயங்களில் இருந்த படங்களையும் மணிகளையும்கூட விடவில்லை. 1203இல் ரூரிக் ரொஸ்தீஸ்லாவிச்சும் அவரோடு சேர்ந்தவர்களும், புல்வெளியில் வாழ்ந்த கிப்சாக் குதிரைவீரர்களை அழைத்து வந்து மறுபடி கொள்ளையடித்தார்கள். ஆக, மங்கோலியர் வருமுன்பே கீவைச் சொந்த இளவரசர்களே இரண்டு முறை சூறையாடியிருந்தார்கள். இதைச் சொல்லாமல் 1240ஐ மட்டும் சொன்னால் கதை பாதிதான்.

மங்கோலியர் ஏன் அவ்வளவு தூரம் வந்தார்கள்?

1235இல் மங்கோலியத் தலைவர்கள் கூடிய பேரவை, மேற்கு நோக்கிப் பெரும் படையெடுப்பு நடத்துவது என்று முடிவெடுத்தது. அப்போது பேரரசர் செங்கிஸ் கானின் மகன் ஒக்தாயி. மேற்கு நிலங்கள் செங்கிஸின் மூத்த மகன் ஜோச்சியின் பங்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தன. ஜோச்சி இறந்துவிட்டதால் அவருடைய மகன் பாத்து கான் தலைமை ஏற்றார். போர்த் திட்டங்களை வகுத்தவர் முதிய தளபதி சுபுதை. பேரரசின் நான்கு கிளைகளிலிருந்தும் இளவரசர்கள் வந்தார்கள். பின்னாளில் பேரரசர்களான குயுக்கும் மோங்கேயும்கூட அந்தப் படையில் இருந்தவர்கள்தான்.

1236இல் வோல்கா ஆற்றங்கரை நாடான வோல்கா பல்கேரியா விழுந்தது. அடுத்து வடகிழக்கு ருஸின் நகரங்கள்: 1237 டிசம்பரில் ரியசான், 1238 பிப்ரவரியில் விளாதிமிர். அப்புறம் தெற்கே திரும்பிக் கிப்சாக்குகளை விரட்டினார்கள். ஆட்களுக்கும் குதிரைகளுக்கும் ஓய்வு கொடுத்துவிட்டு, தெற்கு ருஸ் பக்கம் வந்தார்கள்.

முன்னெச்சரிக்கை எதுவும் கிடைக்கவில்லையா?

தாராளமாகக் கிடைத்தது. 1223 மே 31இல், இன்றைய தென்கிழக்கு உக்ரைனில் உள்ள கல்கா ஆற்றங்கரையில், சுபுதையும் ஜெபேயும் நடத்திவந்த ஒரு சிறிய மங்கோலியப் படை, ருஸ் இளவரசர்களும் கிப்சாக்குகளும் சேர்ந்த கூட்டுப்படையைச் சிதறடித்தது. மற்ற இளவரசர்கள் ஆற்றைக் கடந்து சண்டையில் இறங்கியபோது, கீவின் இளவரசர் மிஸ்டிஸ்லாவ் பாறைக் குன்றின் மேல் தனியாக அரண் கட்டிக்கொண்டு நின்றார். மூன்று நாள் தாக்குப்பிடித்தார். ரத்தம் சிந்தவிட மாட்டோம் என்ற வாக்கை நம்பி இறங்கி வந்தார். அவரையும் உடன் இருந்த இளவரசர்களையும் பலகைகளுக்கு அடியில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து விருந்து சாப்பிட்டு நசுக்கிக் கொன்றார்கள். ரத்தம் சிந்தவில்லைதான்.

அதற்குப் பிறகு 14 ஆண்டுகள் அவகாசம் இருந்தது. அந்த 14 ஆண்டுகளிலும் இளவரசர்கள் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டுதான் இருந்தார்கள். 1239 மார்ச்சில் பெரெயாஸ்லாவ் எரிந்தது, அக்டோபரில் செர்னிகிவ். இரண்டும் கீவுக்குப் பக்கத்து நகரங்கள். அப்போதும் யாரும் ஒன்று சேரவில்லை. இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரணடையச் சொல்லி மங்கோலியர் தூது அனுப்பினார்களா?

அனுப்பினார்கள். முற்றுகைக்கு முன்பே மோங்கே தினீப்பரின் எதிர்க்கரைக்கு வந்து நின்று கீவைப் பார்த்தார். நகரத்தின் அழகையும் பரப்பையும் கண்டு வியந்தார் என்று, ருஸ் நாட்டு நிகழ்வுகளை ஆண்டு வரிசையில் பதிவு செய்த இப்பாட்டியேவ் நாளாகமம் சொல்கிறது. அந்தக் கரையிலிருந்து பார்த்தால் பச்சைக் குன்றுகளின் மேல் தேவாலயக் கோபுரங்கள் வரிசையாகத் தெரிந்திருக்கும். அவர் அனுப்பிய தூதை நகரம் ஏற்கவில்லை. தூதர்களைக் கொன்றுவிட்டார்கள் என்று பிற்கால நாளாகமங்கள் சேர்த்துச் சொல்கின்றன. அது உண்மையென்றால், தூதரைக் கொன்ற ஊரை மங்கோலியர் மன்னிப்பதில்லை என்ற வழக்கமும் இங்கே வேலை செய்திருக்கிறது.

முற்றுகையின்போது கீவின் இளவரசர் எங்கே இருந்தார்?

ஊரில் இல்லை. அரியணையில் இருந்த மிகைலோ, செர்னிகிவ் குடும்பத்தைச் சேர்ந்தவர், தூது வந்த பிறகு ஹங்கேரிக்கு ஓடினார். காலியான இடத்தில் ஸ்மோலென்ஸ்க் குடும்பத்து ரொஸ்தீஸ்லாவ் வந்து உட்கார்ந்தார். அவரைத் தென்மேற்கு ருஸில் இருந்த ஹாலிச்சின் இளவரசர் டானிலோ பிடித்துக்கொண்டு போய், திமித்ரோ என்ற தளபதியிடம் நகரத்தை ஒப்படைத்தார். டானிலோவும் தங்கவில்லை. கீவ் விழுந்தபோது அவர் ஹங்கேரி அரசரிடம் போயிருந்தார்.

மூன்று இளவரசர்கள் இந்த நகரத்துக்கு உரிமை கொண்டாடினார்கள். மங்கோலியர் வாயிலுக்கு வந்தபோது அவர்களில் ஒருவர்கூட உள்ளே இல்லை. நகரத்தைக் காத்தவர்கள் வேறு ஊர் இளவரசரின் தளபதியும் ஊர் மக்களும்தான். கீவ் ஏன் விழுந்தது என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். கவண் பொறிகளும் மதில் இடிக்கும் மரங்களும் அதற்கு அப்புறம்தான்.

பாத்து கானின் படை எத்தனை பேர்?

இணையத்தில் நாலு லட்சம், ஐந்து லட்சம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். நம்பாதீர்கள். அத்தனை பேரையும் அவர்களுடைய குதிரைகளையும் குளிர்காலத்தில் அந்த நிலம் தாங்காது. மேற்குப் படையெடுப்பு முழுவதற்கும் இன்றைய வரலாற்றாசிரியர்கள் சொல்லும் கணக்கே சில பத்தாயிரங்களிலிருந்து ஒரு லட்சத்தைச் சற்றுத் தாண்டும் வரை வேறுபடுகிறது. திமித்ரோவிடம் ஆயிரம் வீரர்கள் இருந்தார்கள் என்பதும் அப்படித்தான், நாளாகமம் அந்த எண்ணைத் தரவில்லை. ஆனால் எண்ணிக்கையில் மங்கோலியர் கை மிகவும் ஓங்கியிருந்தது என்பதில் சந்தேகம் இல்லை.

முற்றுகை எப்படி நடந்தது?

இதற்கு நமக்குக் கிடைக்கும் சிறந்த சாட்சி இப்பாட்டியேவ் நாளாகமம்தான். எழுதியவர் ஓசையிலிருந்து தொடங்குகிறார். வண்டிகளின் கிரீச்சிடல், ஒட்டகங்களின் கத்தல், குதிரை மந்தைகளின் கனைப்பு எல்லாம் சேர்ந்து, நகரத்துக்குள் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கவில்லை என்கிறார். நகரத்தார் தவ்ருல் என்ற ஒரு மங்கோலிய வீரனைப் பிடித்தார்கள். வெளியே யார் யார் நிற்கிறார்கள் என்பதை அவன்தான் சொன்னான். பாத்துவின் சகோதரர்கள், மோங்கே, சுபுதை, புருந்தை என்று பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தபோது உள்ளே இருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

பாத்து தாக்கத் தேர்ந்தெடுத்த இடம் தென்கிழக்கே இருந்த லியாட்ஸ்கி வாயில். அங்கே காட்டுப் புதர் அரணுக்கு அருகே வரை வளர்ந்திருந்தது. மறைந்து நெருங்கவும் வசதி, பொறிகளுக்கு மரம் வெட்டவும் வசதி. மதில் இடிக்கும் பொறிகளை அங்கே வரிசையாக நிறுத்தி, இரவு பகல் பாராமல் இடித்தார்கள். சீனாவிலும் மத்திய ஆசியாவிலும் கற்ற முற்றுகைக் கலை அது. மண் அரண் எளிதில் விழாது. ஆனால் உச்சியில் இருந்த மரச் சுவரும் வாயிலும் உடைந்தால் போதும், ஏறி வர வழி கிடைத்துவிடும். அதுதான் நடந்தது.

சுவர் உடைந்த இடத்தில் நகர மக்கள் ஏறி நின்றார்கள். ஈட்டிகள் முறிந்தன, கேடயங்கள் பிளந்தன, அம்புகள் வெளிச்சத்தையே மறைத்தன என்கிறது நாளாகமம். திமித்ரோ அங்கேதான் காயமடைந்தார். கடைசியில் அரண் மங்கோலியர் வசம் வந்தது.

அப்புறம் நடந்தது எனக்கு எப்போதும் வியப்பு. மங்கோலியர் உடனே உள்ளே பாயவில்லை. பிடித்த அரணின் மேலேயே அன்று பகலும் இரவும் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களும் அவ்வளவு களைத்திருந்தார்கள் என்றுதான் இதைப் புரிந்துகொள்ள முடிகிறது. அந்த ஓர் இரவுக்குள் நகரத்தார் பின்வாங்கி, உள்நகரத்தில் தசமபாகக் கோயிலைச் சுற்றிப் புதிதாக ஓர் அரண் எழுப்பினார்கள். காயம்பட்டவர்கள், பெண்கள், பெரியவர்கள் என்று எல்லோரும் சேர்ந்துதான் மரமும் மண்ணும் சுமந்திருக்க வேண்டும். மறுநாள் காலை மங்கோலியர் வந்தார்கள். பெரும் சண்டை. புது அரண் தாங்கவில்லை.

தசமபாகக் கோயிலில் என்ன நடந்தது?

கன்னி மரியாளின் பெயரில் வொலோடிமிர் கட்டி, 996இல் அர்ப்பணித்த தேவாலயம் அது. ருஸ் நாட்டின் முதல் பெரிய கல் தேவாலயம். தன் வருவாயில் பத்தில் ஒரு பங்கை அதன் பராமரிப்புக்குக் கொடுத்ததால் அந்தப் பெயர்.

கடைசி அரணும் உடைந்தபோது மக்கள் அந்தத் தேவாலயத்துக்குள் ஓடினார்கள். இடம் போதாமல் மேல்மாடங்களிலும் வளைவுக் கூரையிலும் ஏறினார்கள், கையில் கிடைத்த பொருட்களையும் தூக்கிக்கொண்டு. பாரம் தாங்காமல் சுவர்கள் அவர்களோடு சேர்ந்து சரிந்தன என்று நாளாகமம் சொல்கிறது. பாரம் மட்டும் காரணமாக இருக்க முடியாது, மங்கோலியரின் பொறிகளும் அதைத் தாக்கியிருக்க வேண்டும் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

எந்தத் தேதியில் நகரம் விழுந்தது?

பெரும்பாலான புத்தகங்களில் 1240 டிசம்பர் 6, புனித நிக்கோலாஸ் திருநாள், என்று இருக்கும். அது லாரென்டிய நாளாகமம் சொல்வது. ப்ஸ்கோவ் நாளாகமமோ, செப்டம்பர் 5இல் தொடங்கிப் பத்து வாரமும் நான்கு நாளும் முற்றுகை நீடித்தது என்றும், நவம்பர் 19 திங்கட்கிழமை நகரம் விழுந்தது என்றும் சொல்கிறது. அந்த ஆண்டு நவம்பர் 19 திங்கட்கிழமைதான், கணக்குப் பார்த்தால் சரியாக வருகிறது. அதனால் ப்ஸ்கோவ் தேதியை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது.

மண்ணுக்கடியில் என்ன கிடைத்தது?

நாளாகமம் இளவரசர்களையும் தளபதிகளையும்தான் பெயர் சொல்லி எழுதும். மற்றவர்களைத் தேட மண்ணைத்தான் தோண்ட வேண்டும். சோவியத் காலத்தில், 1930களிலும் அதன் பிறகும், மிகைல் கார்கெர் தலைமையில் நடந்த அகழாய்வுகள் இதில் முக்கியமானவை.

புனித மிகைல் மடாலயத்துக்கு அருகே பாதி நிலத்துக்குள் இறக்கிக் கட்டிய ஒரு வீடு, எரிந்து சரிந்த நிலையில் கிடைத்தது. உள்ளே சின்னஞ்சிறு சட்டிகள், அவற்றில் காய்ந்த வண்ணங்கள். அது ஓர் ஓவியரின் வீடாக இருக்க வேண்டும். அம்பர் துண்டுகளும் இருந்தன. வெளியேற முடியாமல் செத்த ஒரு பூனையின் எலும்புக்கூடும் இருந்தது. இன்னொரு வீட்டில் தானியக் கஞ்சி ஒட்டியிருந்த பானையும் அதில் இருந்த மரக்கரண்டியும் கிடைத்தன. சாப்பிட உட்கார்ந்தவர்கள் திரும்பி வரவில்லை. ஒரு வீட்டின் மண் அடுப்புக்குள் இரண்டு சிறுமிகளின் எலும்புகள். ஒளிந்துகொள்ள அவர்களுக்குக் கிடைத்த இடம் அதுதான்.

தசமபாகக் கோயிலின் அடியில் ஆழமான ஒரு பள்ளம் இருந்தது. அதில் இறங்கி ஒளிந்த சிலர், அங்கிருந்து குன்றின் சரிவை நோக்கிச் சுரங்கம் தோண்ட முயன்றிருக்கிறார்கள். மண்ணை மேலே தூக்கிய வாளிகளும் கிடைத்தன. வேலை முடியுமுன் கட்டடம் மேலே விழுந்துவிட்டது. அங்கே நகை வார்க்கும் கல் அச்சுகளும் கிடைத்தன. ஒன்றில் மாக்சிம் என்ற பெயர் கீறியிருந்தது. எல்லாவற்றையும் விட்டு ஓடிய நேரத்தில் ஒரு பொற்கொல்லர் தூக்கிக்கொண்டு வந்தது தன் தொழில் கருவியை. உயிர் பிழைத்தால் மறுபடி வேலை செய்யலாம் என்று நினைத்திருக்கிறார்.

புதைத்து வைத்துவிட்டுத் திரும்பி வராதவர்களின் நகைக் குவியல்களும் நகரத்தின் பல இடங்களில் அகப்பட்டன. தங்கத்தில் எனாமல் பதித்த தொங்கட்டான்கள், வெள்ளிக் காப்புகள். அந்த எனாமல் வேலை கீவில் பிறகு தொடரவில்லை. செய்யத் தெரிந்தவர்கள் இறந்தார்கள், அல்லது அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள்.

நகரம் முற்றிலும் அழிந்ததா?

போப் அனுப்பிய தூதராக மங்கோலியப் பேரரசருக்குக் கடிதம் கொண்டுபோன துறவி பிளானோ கார்பினி, 1246 தொடக்கத்தில் கீவ் வழியாகப் போனார். முன்பு பெரிதாகவும் மக்கள் நிறைந்ததாகவும் இருந்த நகரத்தில் இப்போது இருநூறு வீடுகள்கூடத் தேறாது, இருப்பவர்களும் கொடிய அடிமைத்தனத்தில் இருக்கிறார்கள் என்று எழுதினார். வழியில் எண்ணற்ற மண்டையோடுகளும் எலும்புகளும் வெளியில் கிடந்ததையும் எழுதினார்.

இதை வைத்து நகரமே பூண்டற்றுப் போனது என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. அதே கார்பினி திரும்பி வரும்போது ஜெனோவா, வெனிஸ் வணிகர்கள் கீவுக்கு வந்து போனதையும் பதிவு செய்கிறார். ஆளே இல்லாத ஊருக்கு வியாபாரி ஏன் வருகிறான்? பொடில் பகுதியில் வாழ்க்கை தொடர்ந்தது என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். சோபியா தேவாலயம் நின்றது. மேல்நகரம்தான் மிகப் பெரிய அடி வாங்கியது, பல நூற்றாண்டுகள் அது பழைய நிலைக்கு வரவில்லை. அழிவு கொடியது, ஆனால் முழுமையானது அல்ல.

திமித்ரோ உயிர் பிழைத்தாரா?

பிழைத்தார். காயத்தோடு அவரைப் பாத்துவிடம் கொண்டுவந்தார்கள். அவருடைய வீரத்துக்காகப் பாத்து அவரைக் கொல்லவில்லை. படை மேற்கே போனபோது தன்னோடு அழைத்துக்கொண்டு போனார். வழியில் திமித்ரோ பாத்துவிடம் சொன்னதை நாளாகமம் பதிவு செய்கிறது: இந்த நாட்டில் தாமதிக்காதே, ஹங்கேரி மேல் போக நேரமாகிவிட்டது, தாமதித்தால் அவர்கள் திரண்டு உன்னைத் தடுத்துவிடுவார்கள். தன் நாடு அழிவதைக் கண்டதால் அப்படிச் சொன்னார் என்று நாளாகமக்காரர் விளக்குகிறார். கைதியாக இருந்துகொண்டே தன் மண்ணிலிருந்து அந்தப் படையை நகர்த்தப் பார்த்திருக்கிறார். ஹங்கேரியர் பக்கம் நின்று பார்த்தால் இது வேறு மாதிரித் தெரியும்தான். அதன் பிறகு அவர் என்ன ஆனார் என்பதைப் பற்றி நாளாகமம் பேசவில்லை.

ஓடிப்போன இளவரசர்கள் பிறகு என்ன ஆனார்கள்?

மிகைலோ பின்னால் பாத்துவின் முகாமுக்குப் போனார். அங்கே செங்கிஸ் கானின் உருவத்துக்கு வணங்க மறுத்ததால் 1246இல் கொல்லப்பட்டார். திருச்சபை அவரைப் புனிதராக வணங்குகிறது. டானிலோ பாத்துவிடம் போய்ப் பணிந்து, தன் நாட்டைக் காப்பாற்றிக்கொண்டார். கீவ் அரியணையைப் பாத்து 1243இல் வடக்கே இருந்த யாரோஸ்லாவ் வ்செவலோதோவிச்சுக்குக் கொடுத்தார். அவர் அங்கே குடியேறவில்லை. பிறகு அவருடைய மகன் அலெக்சாந்தர் நெவ்ஸ்கிக்கு அதே பட்டம் கிடைத்தது. அவரும் வந்து தங்கவில்லை. 1299இல் திருச்சபைத் தலைவரும் விளாதிமிருக்கு இடம் மாறினார். 1362 வாக்கில் லிதுவேனியா கீவை எடுத்துக்கொண்டது.

கீவுக்குப் பிறகு மங்கோலியர் எங்கே போனார்கள்?

வொலீன், ஹாலிச் வழியாகப் போலந்துக்கும் ஹங்கேரிக்கும். 1241 ஏப்ரல் 9இல் போலந்தின் லெக்னிட்சாவிலும், இரண்டு நாள் கழித்து ஹங்கேரியின் மோஹி சமவெளியிலும் வென்றார்கள். எல்லாக் கோட்டையும் விழவில்லை. ஹாலிச்-வொலீன் நாட்டின் கிரெமெனெட்ஸ் கோட்டையை அவர்களால் எடுக்க முடியவில்லை, அது உயரமான குன்றின் மேல் இருந்தது. 1241 டிசம்பரில் ஒக்தாயி இறந்தார். மறு ஆண்டு படை திரும்பியது.

இன்று கீவில் இதன் தடயம் எதையாவது பார்க்க முடியுமா?

முடியும். சோபியா தேவாலயத்தின் வெளித்தோற்றம் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் மாறிவிட்டது. உள்ளே 11ஆம் நூற்றாண்டின் சுவர்களும், கைகளை உயர்த்தி வேண்டும் மரியாளின் மொசைக் உருவமும் அப்படியே இருக்கின்றன. 1240இல் நகரத்தில் இருந்தவர்கள் பார்த்த அதே உருவம். தசமபாகக் கோயில் இருந்த இடத்தில் அதன் அடித்தளக் கோடுகள் மட்டும் தரையில் தெரியும். பழைய நகரத்தின் முதன்மை வாயிலான பொன்வாயிலின் இடிபாட்டைச் சுற்றி 1982இல் புதிதாக ஒரு வாயிலைக் கட்டியிருக்கிறார்கள்.

லியாட்ஸ்கி வாயில் இருந்த இடம் இன்றைய சுதந்திரச் சதுக்கம். 2001இல் அங்கே தோண்டியபோது அதன் எச்சங்கள் வெளிப்பட்டன. மக்கள் போராட்டங்களால் உலகத்துக்கே தெரிந்த மைதான் அதுதான். புனித மிகைல் மடாலயத்தின் பொற்கூரைத் தேவாலயம் மங்கோலியரிடமிருந்து தப்பியது, 1930களில் சோவியத் அரசு அதை இடித்தது. இப்போது நிற்பது 1990களின் இறுதியில் எழுப்பியது. சோபியாவை யுனெஸ்கோ 1990இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2023இல், ரஷ்யப் படையெடுப்பு காரணமாக, ஆபத்தில் உள்ள பாரம்பரிய இடங்களின் பட்டியலிலும் அதைச் சேர்த்திருக்கிறது.